வட்டக்கூடத்தில் ஆட்டிய தலை

லைப்சிக் நகரத்தில், எல்ஸ்டர்மன் பசாஜ் என்ற கூரையிட்ட கடைவீதியின் நடுவிலுள்ள வட்டக்கூடத்தில் நின்று ஒருவர் பேசினால் அது இருபத்தேழு ஆண்டு கழித்துத்தான் கேட்கும். அதற்கு முன் யாருக்கும் கேட்காது, பேசுகிறவருக்கே கேட்காது. கூடத்தின் தரையில் ஒரு பித்தளை வளையம் பதித்திருக்கிறார்கள். அதற்கு வெளியே எல்லாம் ஒழுங்காக நடக்கும். பீட்டர்ஸ் தெருப் பக்கமிருந்து வருகிறவரின் காலடி கல்தரையில் கேட்டுக்கொண்டே வரும், வளையத்துக்குள் நுழைந்ததும் நின்றுபோகும், அவர் மறுமுனையில் நொய்மார்க்ட் தெருப் பக்கம் வெளியேறும்போது மறுபடி தொடங்கும். இடையில் வளையத்துக்குள் கேட்பது இருபத்தேழு ஆண்டுக்கு முன் அதே நாளில், அதே நேரத்தில் அங்கே நடந்தவர்களின் காலடியும் பேச்சும். சுற்றியிருக்கும் கடைகளுக்கும் அது கேட்கும். புதிதாக வருகிறவர்கள் காது அடைத்துக்கொண்டதோ என்று சுண்டுவிரலை விட்டுக் குடைவார்கள். ஊர்க்காரர்கள் குடைவதில்லை.

இந்த ஊரின் பழைய வணிக வளாகங்கள் எல்லாமே ஒரு யோசனையில் கட்டியவை. வண்டி ஒரு தெருவில் நுழையும், உள்ளே சரக்கை இறக்கும், திரும்பாமல் அடுத்த தெருவில் வெளியேறிவிடும். சந்தைக் காலத்தில் வண்டியைத் திருப்ப இடமும் இல்லை, நேரமும் இல்லை. எல்ஸ்டர்மன் என்ற தோல் வியாபாரி அப்படியொரு வளாகத்தை வாங்கி, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, இருபுறமும் கடை வைத்து, 1911 இலையுதிர்காலச் சந்தைக்குத் திறந்தார். வண்டிகள் சரக்கு இறக்கிய இடம் வட்டக்கூடம் ஆனது. அதன் மேல் ஒரு கும்மட்டம் வந்தது. திறப்பு விழாவில் நகரத்துப் பெரியவர் ஒருவர் வளையத்தின் நடுவில் நின்று நீளமாகப் பேசினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் வாயை மூடியதும் எல்லாரும் கைதட்டினார்கள், அதுவும் கேட்கவில்லை. மறுநாள் பத்திரிகைகள் பேச்சு பிரமாதம் என்று எழுதின. எல்ஸ்டர்மன் கட்டடக் கலைஞர் மேல் வழக்குப் போட்டார். நீதிபதி நேரில் வந்து, வளையத்துக்குள் நின்று இருதரப்பையும் விசாரித்தார், யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை என்பதால் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தப் பேச்சு 1938-ல் வந்தது. எல்லா நாட்டவரும் எல்லா மதத்தவரும் இந்தக் கூரையின் கீழ் ஒரே மரியாதையோடு விலை பேசலாம் என்றது. அந்த நேரம் பக்கத்துத் தெருவில் யூத கம்பளித்தோல் வியாபாரிகளின் கடைகள் பாதி மூடிக்கிடந்தன, மீதியை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்ஸ்டர்மனின் பேரன் கோட்டில் கட்சிச் சின்னத்தோடு வளையத்தருகே நின்று முழுப் பேச்சையும் கேட்டான். கடைசியில் செத்தவர்கள் கைதட்டினார்கள், நெடுநேரம். வட்டக்கூடம் என்ன செய்கிறது என்பது அன்றுதான் ஊருக்குப் புரிந்தது.

புரிந்த பிறகு அது வசதியாகிவிட்டது. முதலாளியைத் திட்ட வேண்டிய விற்பனைப் பெண்கள் அவரை வளையத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், சிரித்த முகத்தோடு திட்டிவிட்டு வருவார்கள். முதலாளியும் சிரித்த முகத்தோடு ஏதோ பதில் சொல்வார். அது கேட்கும் காலத்தில் இருவரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். சொல்லத் துணிவில்லாத காதலையும் அங்கே போய்ச் சொன்னார்கள்; பயனில்லை, ஆனாலும் சொல்லியாகிவிட்டது. கடைப் பெண்கள் நாளடைவில் உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு வழக்கம் வந்தது: வளையத்துக்குள் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட வேண்டும். அது மரியாதை, சம்மதம் அல்ல. ஊருக்குள் யாராவது சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால், ‘அது வட்டக்கூடத்துத் தலையாட்டல்’ என்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

போருக்குப் பின் நாடு கிழக்கு, மேற்கு என்று இரண்டானது. இங்கே கிழக்கில் வந்த, ஆட்களை எல்லை தாண்டவிடாத அரசாங்கத்தில், யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. வட்டக்கூடம் அவர்களுக்குத் தலைவலி. இரண்டு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு கடிகாரக் கடையின் பின்னறையில் உட்கார்ந்தார்கள். 1961-ல் ஒருநாள், ‘இந்த ஆட்சி கிறிஸ்துமஸைத் தாண்டாது, பார்த்துக்கோ’ என்று ஓர் ஆண்குரல் கேட்டது. குரல் ஒத்துப்போகிறது என்று ஹோட்டலில் பரிமாறுகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். அந்தப் பேச்சு 1934-ல் பேசியது, திட்டியது அப்போதைய ஆட்சியை, பேசியவர் அந்த ஆட்சியின் கையாலேயே செத்துப்போனவர் என்பது பிறகுதான் உறைத்தது. அறிக்கையைத் தொடங்கிவிட்டதால் எழுதி முடித்தார்கள். பரிமாறுகிறவர் திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியவர்கள் வளையத்துக்குள் நின்று பேசினார்கள்.

ரோஸ்வித்தா வளையத்தை ஒட்டியிருந்த பொத்தான் கடையில் சிறு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். கடை அரசாங்கத்துடையது. பொத்தான், நூல், ஊசி, ஜிப் எல்லாம் விற்க வேண்டும். பெரும்பாலும் இல்லை என்று சொல்வதுதான் வேலை. அவள் கணவன் ஹின்னெர்க் இந்த ஊர்க்காரன் அல்ல. வடக்கே விஸ்மார் துறைமுகத்திலிருந்து டிராம் பழுதுபார்க்க வந்து, அவளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவன். அதிகம் பேசமாட்டான். அவசரப்பட்டால் கடலோரப் பேச்சுக்குப் போய்விடுவான். காதால் கேட்டால் ரோஸ்வித்தாவுக்கு அது புரியும். உதட்டை மட்டும் பார்த்தால் புரியாது, அந்தப் பேச்சில் வாயே திறப்பதில்லை. வட்டக்கூடத்தை அவனுக்குப் பிடிக்காது. பொய் சொல்வதற்கு ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பான். மழையில் நனைந்தாலும் சுற்றித்தான் போவான்.

ஆண்டுக்கு இரண்டு முறை சந்தை வரும். அந்த வாரங்களில் மட்டும் பசாஜின் கடைகளில் சரக்கு நிறைந்திருக்கும், வெளிநாட்டவர் பார்க்க வேண்டுமே. வருகிறவர்களுக்கு ஹோட்டல் போதாது. ஆகவே ஊரில் பாதிக் குடும்பங்கள் படுக்கையறையை ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு விட்டுவிட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதே ஆள் அதே வீட்டுக்கு வருவதால் அவருக்குச் சந்தை மாமா என்று பெயர். ரோஸ்வித்தா வீட்டுச் சந்தை மாமா ஒரு ஹாலந்துக்காரர், டெ ஹான் என்று பெயர், பின்னல் இயந்திரம் விற்பவர். காபித்தூள் கொண்டுவருவார், குறட்டை விடுவார். சந்தையில் காட்டுவதெல்லாம் மாதிரிதான். அங்கேயே விற்க முடியாது. ஒரே ஒரு இயந்திரத்தைப் பெரிய மரப்பெட்டியில் கொண்டுவந்து காட்டுவார், ஆர்டர் எடுத்துக்கொள்வார், அதே பெட்டியில் திருப்பிக்கொண்டு போவார். சந்தை முத்திரை குத்திய பெட்டிகளை எல்லையில் திறந்து பார்ப்பதில்லை. வியாபாரம் கெட்டுவிடும்.

1968 ஆகஸ்டில் பக்கத்து நாட்டுத் தலைநகர் பிராகாவுக்குள் ரஷ்ய டாங்கிகள் போயின. அடுத்த மாதத் தொடக்கத்தில் எதுவும் நடக்காததுபோல் இலையுதிர்காலச் சந்தை தொடங்கியது. வெளிநாட்டவர் தங்கும் வீட்டில் விளக்குக்குள் ஒலிவாங்கி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே ஹின்னெர்க் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சந்தையின் மூன்றாம் நாள் பிற்பகல் அவன் பசாஜுக்கு வந்தான். பொத்தான் கடைக்கு அன்று ஜிப் வந்திருந்தது. வரிசை நொய்மார்க்ட் வரை நின்றது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கால் வைக்காத வளையத்துக்குள் போய் நின்றுகொண்டு, அவன் மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டான். ரோஸ்வித்தா ஜிப் அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள். அவன் வேகமாக ஏதோ சொன்னான். உதடுகள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. வரிசையில் ஒரு பெண் அவள் மேலங்கியைப் பின்னாலிருந்து இழுத்தாள். சாயங்காலம் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, ரோஸ்வித்தா தலையாட்டினாள். ஹின்னெர்க் கொஞ்சம் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு முறை தலையசைத்துவிட்டுப் போனான்.

சந்தை வாரம் என்பதால் கடையை மூட எட்டு மணி ஆனது. வீட்டுக்குப் போனபோது ஹின்னெர்க் இல்லை, டெ ஹானும் இல்லை. படுக்கையின் மேல் பின்னல் இயந்திரம் கிடந்தது. எண்ணெய் கசிந்து விரிப்பு பாழாகியிருந்தது. பக்கத்தில் இரண்டு பொட்டலம் காபித்தூள். இயந்திரம் இங்கே இருந்தால் பெட்டியில் என்ன போயிருக்கும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள், பேச்சைக் கேட்டு எழுதும் அந்த அலுவலகத்தில் அவளை விசாரித்தார்கள். விசாரித்தவர் உள்ளூர்க்காரர்.

“எங்க வச்சு சொன்னான்?”

“வட்டக்கூடத்துல.”

“என்ன சொன்னான்?”

“தெரியாது.”

“நீ என்ன சொன்ன?”

“தலையாட்டினேன்.”

“எதுக்கு?”

“தெரியாது.”

அவர் கோப்பைப் புரட்டினார். அவரும் அங்கே எத்தனையோ முறை தலையாட்டியவர். கோப்பின் கடைசிப் பக்கத்தில் ‘1995 செப்டம்பரில் நேரில் சென்று கேட்டு முடிக்க வேண்டும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவளை அனுப்பிவிட்டார். தண்டனையாக மூன்று ஆண்டு கிடங்கில் வேலை. பின்னல் இயந்திரத்தைச் சாட்சியம் என்று எடுத்துப் போனார்கள். அந்தக் குளிர்காலம் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டிருந்ததாகப் பேச்சு.

அவன் போனது அவளை அவ்வளவாக வதைக்கவில்லை. அந்தக் காலத்தில் போக முடிந்தவர்கள் போனார்கள். விட்டுப் போனவர்களும் இருந்தார்கள், விடப்பட்டவர்களும் இருந்தார்கள், இருவரும் ரொட்டிக்கு ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அவன் ஒன்று கேட்டான், அவள் ஆமாம் என்றாள், எதற்கு ஆமாம் என்று தெரியவில்லை; வதைத்தது அதுதான். எதிரே காபிக் கடை வைத்திருந்த ஊர்சல் அவளுடைய சிநேகிதி, வாய் நீளம். கோப்பையின் அடியில் வரைந்த பூ தெரிகிற அளவுக்கு நீர்த்த காபியை வைத்துக்கொடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். விவாகரத்து கேட்டிருப்பான் என்பாள். வேறொருத்தி இருக்கிறாள், மன்னிப்பாயா என்று கேட்டிருப்பான் என்பாள். ஒருநாள், “உன்ன விட்டுட்டுப் போறேன், சரிதானேன்னு கேட்டிருப்பான். நீயும் ஜிப்பு பெட்டியோட நின்னுக்கிட்டு சரின்னுட்ட,” என்றாள். ரோஸ்வித்தா காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள், ஆனால் அதன் பிறகு ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் நான்கு ஆண்டு அவளைச் சுற்றி வந்தார், நல்ல மனிதர். முன்னால் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல் இன்னொன்றுக்குச் சம்மதிக்க அவளால் முடியவில்லை. அவர் வேறிடம் பார்த்துக்கொண்டார்.

ஆண்டுகள் போயின. 1970 டிசம்பரில் ஒரு விடியற்காலை, போர்க்காலத்துக் குண்டுவீச்சு வட்டக்கூடத்தில் கேட்டது. முன்கூட்டியே தெரிந்ததால் கடைக்காரர்கள் அன்று திறக்கவில்லை. கண்ணாடி உடைகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது, ஒரு கண்ணாடியும் உடையவில்லை. 1989-ல் ஊரே திங்கள்கிழமைதோறும் தெருவில் இறங்கியது, அரசாங்கம் போனது, எல்லை திறந்தது. வட்டக்கூடத்துக்குள் அப்போது 1962-ன் பேச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது: உருளைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்ற பேச்சு. மறு ஆண்டு தபால் நிலையத்தில் மேற்குப் பக்கத்துத் தொலைபேசி விவரப் புத்தகங்கள் வந்தன. ப்ரேமன் நகரப் புத்தகத்தில் ஹின்னெர்க்கின் பெயர் இருந்தது. ரோஸ்வித்தா பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். ஊர்சலுக்கு இது பொறுக்கவில்லை.

“ரயில்ல ஏறினா சாயங்காலத்துக்குள்ள கேட்டுட்டு வந்துடலாமேடீ. இதுல என்ன பெரிய ரகசியம்?”

“இப்ப கேட்டா இப்ப தோணுறதச் சொல்வான். அன்னிக்குச் சொன்னது எனக்கு வேணும்.”

“அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் உக்காந்திருப்பியா?”

“உக்காந்துதான இருக்கேன்.”

அந்த ஐந்து ஆண்டுக்குள் பசாஜ் கைமாறியது. மேற்கிலிருந்து வந்த ஒரு நிறுவனம் அதை வாங்கி, ஹேபெர்லே என்ற ஷ்டுட்கார்ட்காரரை மேலாளராக அனுப்பியது. கெட்டவர் அல்ல, கட்டடங்களை அகலப்படுத்துவது அவர் தொழில். கும்மட்டத்தை இடித்து, மூன்று மாடி எழுப்பி, நடுவில் நகரும் படிக்கட்டு வைத்து, பசாஜைப் புதிய வணிக மாளிகையாக மாற்றுவது திட்டம். வட்டக்கூடத்தைப் பற்றி அவரிடம் சொன்னார்கள். ஒலியியல் கோளாறு என்றார். வாடிக்கையாளர்கள் பழைய சாவுகளையும் சண்டைகளையும் கேட்டுக்கொண்டு பொருள் வாங்கமாட்டார்கள் என்று, வளையத்துக்குள் சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்து விளம்பரப் பாட்டுப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் கேட்கவில்லை. 1995 ஆகஸ்ட் தொடக்கத்தில் கிரேன் வரும் என்று எல்லாக் கடைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. ரோஸ்வித்தாவுக்கு வர வேண்டிய பேச்சு செப்டம்பரில்.

கும்மட்டம் போனால் அதற்குள் இருக்கும் இருபத்தேழு ஆண்டும் போய்விடும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒவ்வொருவருக்கும் அதில் ஏதோ ஒன்று பாக்கி இருந்தது: ஒருவருக்கு அப்பாவின் குரல், ஒருவருக்குத் தானே சொன்ன ஏதோ ஒன்று. தெருவில் நிற்பது இந்த ஊருக்குப் பழகிப்போன வேலை. கடைக்காரர்கள் திங்கள்கிழமை மாலைகளில் வளையத்துக்குள் வந்து கூட்டமாக நின்று கோஷம் போட்டார்கள். ஹேபெர்லே மாடியிலிருந்து பார்த்தார். இருநூறு பேர் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அவர் இறங்கி வந்து ஊர்சலிடம் கேட்டார்.

“என்ன கோரிக்கைன்னே எனக்குக் கேக்கலையேம்மா.”

“ரெண்டாயிரத்து இருபத்திரெண்டுல கேக்கும், சார். அவசரமில்ல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கிரேனை நிறுத்தவில்லை. ஜூலை கடைசியில் ரோஸ்வித்தா கடையைப் பாதி நாளில் மூடிவிட்டு அவர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. இருபத்தேழு ஆண்டாக ஊருக்கே தெரிந்திருந்த விஷயத்தை அவள் தன் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது ஜிப் பெட்டி, வரிசை, டெ ஹான், படுக்கையின் மேல் கிடந்த இயந்திரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கடைசியில், “நான் எதுக்குத் தலையாட்டினேன்னு எனக்குத் தெரியணும். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா இடிச்சுக்குங்க,” என்றாள்.

ஹேபெர்லே இரண்டு முறை விவாகரத்து ஆனவர். இரண்டு முறையும் தான் எதற்குச் சம்மதித்தோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருந்தார். மேசையின் மேலிருந்த கும்மட்டம் இல்லாத பசாஜின் அட்டை மாதிரியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“கிரேனை அக்டோபருக்குத் தள்ளினா எவ்வளவு செலவாகும் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. கேட்டுப் பாக்கறேன்.”

கிரேன் அக்டோபருக்குப் போனது.

செப்டம்பரில் அந்த நாள் வந்தபோது வளையத்தின் உள்ளோரத்திலும் வெளியிலும் நிற்க இடமில்லை. பொத்தான் கடையின் வாசலில் முக்காலி போட்டு ரோஸ்வித்தாவை உட்காரச் சொன்னார்கள். அவள் எழுந்து வளையத்துக்குள் போய், அன்று நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாள். கூட்டத்தின் பின்வரிசையில் தொப்பி வைத்த முதியவர் ஒருவர் தனியாக நின்றார். அன்று அவளை விசாரித்தவர். அலுவலகம் போய், அரசாங்கம் போய், ஓய்வூதியமும் பாதியாகிவிட்டது. ஆனால் கோப்பில் எழுதியது எழுதியதுதான், வந்துவிட்டார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வழிவிடவும் இல்லை.

முதலில் செருப்புச் சத்தம் வந்தது, ஏராளமாக. 1968-ன் சந்தைக் கூட்டம். ரஷ்யன், போலிஷ், இன்னும் ஏதேதோ பாஷைகள். எவனோ ஒருவன் காலை மிதித்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். ஒரு பெண், ஜிப் ஆளுக்கு ரெண்டுதானாம், என்று பின்னாலிருந்தவளுக்குச் சொன்னாள். அப்புறம், மிகப் பக்கத்தில், கடலோரப் பேச்சில் ஹின்னெர்க்கின் குரல் கேட்டது. இளம் குரல். ரோஸ்வித்தா அவனை இவ்வளவு இளைஞனாக நினைவு வைத்திருக்கவில்லை.

“ரோஸி, கவனமா கேளு. டச்சுக்காரர் பெட்டி பெருசு, ரெண்டு பேர் படுக்கலாம். நான் படுத்துப் பாத்துட்டேன். ஏழு மணிக்கு சரக்கு நிலையத்துக்குப் பின்னால வந்துடு. எதுவும் எடுக்காத, கோட்டு மட்டும் போதும். வரியா? பேசாத, தலைய மட்டும் ஆட்டு.”

அங்கே ஓர் இடைவெளி. அதில் செருப்புகள் மட்டும் நடந்தன.

“சரி. ஏழு மணி.”

அவன் காலடி நொய்மார்க்ட் பக்கம் போனது. உடனே வேறொரு பெண்குரல், “ஏம்மா, கறுப்பு ஜிப் இருக்கா இல்லையா?” என்றது. “இருக்கு இருக்கு, இழுக்காதீங்க,” என்றது ரோஸ்வித்தாவின் பழைய குரல். அதன் பிறகு சந்தைச் சத்தம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

விடப்பட்டவள் என்று ஊர் இவ்வளவு காலம் பரிதாபப்பட்டது இவளைத்தான். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வராமல் போனவளும் இவள்தான் என்று இப்போது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தொப்பிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதலில் வெளியேறினார். அவருடைய வேலை முடிந்தது. ரோஸ்வித்தா அழவில்லை. எதிரே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். சின்னதாக, ஒரே மூச்சில். எப்போதும்போல அது யாருக்கும் கேட்கவில்லை. ஊர்சல் மட்டும் காபிக் கடை வாசலில் நின்று அந்த உதட்டைப் படித்தாள். என்ன என்று எல்லாரும் அவளைக் கேட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை, அவள் வாழ்க்கையில் வெளியே விடாத ஒரே செய்தி அதுதான்.

அந்த வாரமே ரோஸ்வித்தா ப்ரேமனுக்கு ரயில் ஏறினாள். வெயில் இருந்தது, ஆனாலும் கோட்டுப் போட்டுக்கொண்டு போனாள். கதவைத் திறந்த ஹின்னெர்க்குக்குத் தொப்பை விழுந்திருந்தது. அவன் துறைமுகத்தில் வேலை பார்த்து, ஆன்கெ என்பவளைக் கட்டிக்கொண்டு, வீடு வாங்கியிருந்தான். ஆன்கெ மூன்று பேருக்கும் காபி வைத்தாள். கோப்பையின் அடி தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு.

“ஏழரை வரைக்கும் நின்னேன்,” என்றான் ஹின்னெர்க். “அதுக்கப்புறம் பெட்டிக்கு ஆணி அடிக்கணும்னுட்டாங்க.”

“எனக்குக் கேக்கல.”

“தலைய ஆட்டினியே.”

“அங்க நாங்க எல்லாருக்கும் ஆட்டுவோம்.”

அவன் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான், சர்க்கரை போடவில்லை.

“ஆறு வருஷம் அந்த ஊர்ல இருந்தேன். இத எவனும் எனக்குச் சொல்லல.”

“நீ கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.”

“கடைப் பொண்ணுங்கன்னா உதட்டப் படிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“படிப்போம். நீதான் வாயே தெறக்க மாட்டியே.”

ஆன்கெ இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்ப யார் மேலயும் தப்பில்லையா?” என்று கேட்டாள். இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். நேர்மையாக, நெடுநேரம் யோசித்தார்கள். இல்லை என்றுதான் பட்டது. ஆன்கெ கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். சாப்பிட்டார்கள். டெ ஹான் இறந்துவிட்டதாக ஹின்னெர்க் சொன்னான். கடைசிவரை அந்த இயந்திரத்தின் விலையைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாராம். ஹின்னெர்க் ரயில் நிலையம் வரை வந்து, வண்டி கிளம்பும்வரை நடைமேடையில் நின்றான். ரோஸ்வித்தா அதற்குப் பிறகு ப்ரேமனுக்குப் போகவில்லை, அவனும் இங்கே வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், போகும். அச்சகத்துக்காரரின் மனைவி இறந்த பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஸ்வித்தா வீட்டுக்குச் சாப்பிட வரத் தொடங்கினார். இந்த முறை அவள் வாயைத் திறந்து, வாங்க, என்றாள்.

அக்டோபரில் கிரேன் வந்தது. ஆனால் அந்த செப்டம்பர் நாளில் வந்த கூட்டம் போகும்போது பசாஜின் கடைகளில் பொருள் வாங்கிக்கொண்டு போயிருந்தது, அதை ஹேபெர்லே கவனித்திருந்தார். கும்மட்டத்தை விட்டுவிட்டு, பின்பக்கக் கிடங்கை இடித்து அங்கே மாடி எழுப்பினார். நகரும் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது. பொத்தான் கடையை ரோஸ்வித்தா தன் பெயரில் வாடகைக்கு எடுத்து முதுமைவரை நடத்தினாள். ஊர்சல் முதலில் போனாள், சில ஆண்டு கழித்து ரோஸ்வித்தா போனாள். ப்ரேமனிலிருந்து ஆன்கெ மலர்வளையம் அனுப்பியிருந்தாள், அதற்கடுத்த ஆண்டு ஹின்னெர்க்கும் இல்லை.

இப்போது பொத்தான் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். சில காலம் முன்பு வட்டக்கூடத்தில் ஹேபெர்லேயின் விளம்பரப் பாட்டுகள் பெரும் சத்தத்தில் கேட்கத் தொடங்கின. அதில் காபித்தூளுக்குப் பழைய நாணயமான மார்க்கில் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு, சிலர் எந்தக் கடை என்று விசாரித்தார்கள். 2022 கோடையில் கோஷங்கள் வந்தன: கும்மட்டத்தைத் தொடாதே, கும்மட்டத்தைத் தொடாதே. சுற்றுலாக்காரர்கள் நிமிர்ந்து கும்மட்டத்தைப் பார்த்தார்கள், அது இருந்தது. செப்டம்பரில் ஒரு பிற்பகல், நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் ஒன்று மூச்சுவிடும் சத்தமும், யாரோ இருமும் சத்தமும் கேட்டன. பிறகு வளையத்தின் நடுவில் வயதான ஒரு பெண்ணின் குரல், அவசரமாக, “இரு. கோட்ட எடுத்துக்கிட்டு வந்துடறேன்,” என்றது.

கைபேசி உறைக் கடைப் பெண் தலை நிமிரவில்லை. வளையத்தைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் மட்டும் தன்னிடம்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து நின்றார். இரண்டு கையிலும் பை. வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பைகளைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். யாரும் வரவில்லை. பிறகு மணியைப் பார்த்துவிட்டு, பைகளை எடுத்துக்கொண்டு, நொய்மார்க்ட் பக்கம் நடந்தார்.